நம் படங்களில் பாம்பு ஏன் எப்போதும் யாரையாவது தேடியே வருகிறது?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். போன சனிக்கிழமை இரவு சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே, வடிகாலை ஒட்டிய புல்தரையில் ஒரு மலைப்பாம்பு கிடந்தது. எட்டடி பத்தடி இருக்கும். யாரோ தகவல் சொல்லி, ஆள்கள் வந்து பையில் போட்டு எடுத்துப்போகும்வரை அரைமணி நேரம் கூட்டம் கலையவில்லை. என் எட்டு வயது மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இது யாரைத் தேடி வந்திருக்கு?" கடிக்குமா, விஷம் இருக்குமா என்றெல்லாம் கேட்கவில்லை. யாரைத் தேடி என்று கேட்டாள்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நாகினி தொடரைச் சன் டிவியில் தமிழில் போட்டபோது ஒரு நாள் விடாமல் பார்த்தவர், அப்புறம் நந்தினி. இப்போதும் மத்தியான வேளையில் கைப்பேசியில் பழைய பகுதிகளை ஓடவிடுவார், பேத்தியும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். தேக்காவில் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோ கேசட்டில் பார்த்த அம்மன் படங்கள் எத்தனை! தேசிய சேவையில் தேக்கோங் தீவில் இருந்தபோது கூடாரத்துப் பக்கம் வந்த ஒரு பாம்பை நாங்கள் குச்சியால் விரட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு இரவு, இதனுடைய ஜோடி வருமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது எனக்கு 19 வயது, பாலிடெக்னிக் முடித்தவன், சக வீரர்களிடம் சொல்லவும் முடியவில்லை.

அதனால் இரண்டு கேள்வி. நம் சினிமாவில் பாம்பு ஏன் பழிவாங்கவோ காப்பாற்றவோ மட்டுமே வருகிறது? பாம்பு வெறும் பாம்பாக வரும் தமிழ்ப் படம் ஏதாவது இருக்கிறதா? மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குமுன் எனக்கே கொஞ்சம் தெளிவு வேண்டும்.

தேக்கா_ரசிகை எழுதியது:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் அந்தப் படங்களை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தவள்.

1979இல் "நீயா?" வந்தது. துரை இயக்கியது, ஸ்ரீபிரியாவே தயாரித்து நாகமாக நடித்தார், கமல் இருப்பார். 1976இல் இந்தியில் வந்த "நாகின்" படத்தின் தமிழ் வடிவம். இணையோடு இருக்கும் ஆண் பாம்பை நண்பர் கூட்டம் ஒன்று கொன்றுவிட, பெண் பாம்பு ஒவ்வொருவரையும் தேடிப் போகும். கொன்றவனுடைய முகம் செத்த பாம்பின் கண்ணில் படம்போல் பதிந்துவிடும் என்று சொல்வார்கள் இல்லையா, அதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். "ஒரே ஜீவன்" பாட்டை எஸ்பிபியும் வாணி ஜெயராமும் பாடியிருப்பார்கள், சங்கர் கணேஷ் இசை. இன்றைக்கும் ஒலி 96.8இல் அது வந்தால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடுவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதே துரை அதே 1979இல்தான் "பசி"யையும் எடுத்தார். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம், சென்னைக் குடிசைப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு நேர்வதை அப்படியே காட்டிய படம். இரண்டையும் ஒரே ஆள் எடுத்தார் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, யோசிக்க யோசிக்க ஆச்சரியம் போய்விட்டது. இரண்டிலும் ஏமாற்றப்பட்ட ஒருத்திதான் நடுவில் நிற்கிறாள். "பசி"யில் அவளுக்கு யாருமில்லை. "நீயா?"வில் அவளுக்குப் பல் இருக்கிறது.

அதற்கு முன்னால் 1974இல் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் எடுத்த "வெள்ளிக்கிழமை விரதம்", சிவகுமாரும் ஜெயசித்ராவும். அதில் நாகம் பழிவாங்க வரவில்லை, கும்பிடுகிறவளுக்குத் துணையாக வரும். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்து அழுத மாதிரி வேறு எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. அவர் 18 வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவர். கூட்டுக்குடும்பம், கையில் காசு கிடையாது, ஊருக்குக் கடிதம் எழுதினாலும் மாமனார் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். யாரிடம் போய் எதைச் சொல்வது? ஊர் கேட்காது, போலீஸ் கேட்காது, பெற்றவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். திரையில் ஒருத்தி புற்றுக்கு முன்னால் நின்று அழுகிறாள், பாம்பு வருகிறது. அவள் சொல்வதைத் தலை தூக்கிக் கேட்கிற ஒரே உயிர் அதுதான். அம்மா அழுதது பாம்புக்காக இல்லை.

அதனால் உங்கள் அம்மா அந்தத் தொடரைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறுத்துப்போங்கள். யாரைத் தேடி வந்திருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் எங்கள் அம்மாக்கள். நமக்காக ஒன்று தேடி வரும் என்று நம்ப வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது.

வயல்காட்டான் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் நான் வேறு ஒரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கம், சிங்கப்பூருக்கு வந்து 11 வருடம் ஆகிறது.

எங்கள் ஊரில் பாம்பு பயம் சினிமா பார்த்து வந்தது இல்லை. இரவில் பாம்பு என்று சொல்லவே மாட்டார்கள், பூச்சி என்றுதான் சொல்வார்கள். அறுப்பு நேரத்தில் கையை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துத்தான் வைப்போம். இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 58,000 பேர் பாம்பு கடித்து இறக்கிறார்கள் என்பது கணக்கு, அதில் பெரும்பாலும் என் அப்பா மாதிரி வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள். கும்பிட்டது அந்தப் பயத்தில்தான். நீ உன் வழியில் போ, நான் என் வழியில் போகிறேன் என்று புற்றோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரி.

எனக்குச் சினிமா மேல் இருக்கிற கோபம் பழிவாங்குவதைப் பற்றி இல்லை. கடித்த பிறகு காட்டுகிற காட்சியைப் பற்றி. கதாநாயகியின் காலில் பாம்பு கடிக்கும், கதாநாயகன் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுவான், வாயை வைத்து உறிஞ்சித் துப்புவான், அவள் கண் விழிப்பாள், அடுத்து ஒரு பாட்டு. எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்! அப்படி உறிஞ்சினால் விஷம் வெளியே வராது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகலாம். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்குக் கண்ணாடிவிரியன் கடித்தபோது மூன்று பேர் மாறி மாறி இதைத்தான் செய்தார்கள், படத்தில் பார்த்ததைத்தான் செய்தார்கள், ஒரு மணி நேரம் அதிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சிறுநீரகம் கெட்டுவிட்டது. பிழைத்தார், ஆனால் பழைய மாதிரி வேலை செய்ய முடியவில்லை. கடித்த காலை ஆட்டாமல் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும்தான் வழி என்று ஒரே ஒரு பெரிய நடிகர் ஒரே ஒரு படத்தில் காட்டியிருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

இன்னொன்று, படத்தில் எப்போதும் படமெடுக்கிற நல்ல பாம்புதான். அங்கே அதிகமான உயிரை எடுப்பது படமெடுக்காத கண்ணாடிவிரியன். பார்க்க அழகாகத் தலை தூக்காது, அதனால் அதற்கு வேடம் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் "ஜெய் பீம்", 2021. அதில் இருளர் பழங்குடியைச் சேர்ந்த ராஜாகண்ணுவை ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக்குப் பாம்பு பிடிக்கக் கூப்பிடுவார்கள். வருவான், பிடிப்பான், போவான். பாம்பு அங்கே சாமியும் இல்லை பிசாசும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அவன் கால் வைத்த அந்த ஒரு நாளுக்காகத்தான் பிறகு நகை காணாமல் போனதும் அவனைத் திருடன் என்று இழுத்துப்போகிறார்கள். இருளர்களுக்குப் பாம்பு தெரியும் என்பதே அவர்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. எட்டு வயதுக்கு அந்தப் படத்தைக் காட்டாதீர்கள், லாக்கப் காட்சிகள் தாங்காது. ஆனால் இருளர்களைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடும். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றித்தான் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கிறார்கள். எங்கள் தெரு அண்ணன் உயிரோடு இருப்பது அந்த மருந்தால். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள், 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். இந்தக் கதையை யாராவது முழுப் படமாக எடுக்க வேண்டும், நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

ரீல்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. நான் படம் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், இதைப் பற்றிப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த மகுடி இசை. நம் காதில் பாம்பு என்றதும் ஓடுகிற மெட்டு உண்மையான மகுடியில் வாசித்தது இல்லை. 1954இல் வந்த இந்தி "நாகின்" படத்துக்கு ஹேமந்த் குமார் இசை. அதில் மகுடி ஒலிக்கும் இடத்தில் கிளாவியோலின் என்ற மின்னிசைக் கருவியைக் கல்யாண்ஜி வாசித்தார், கூடவே ரவி ஆர்மோனியம் வாசித்தார். அது அப்படிப் பரவிவிட்டது, தெருவில் சுரைக்குடுக்கையில் செய்த நிஜ மகுடியை ஊதுகிறவர்களே பிறகு அந்தச் சினிமா மெட்டை ஊத ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கம் ஏற்கெனவே புன்னாகவராளி ராகத்தைப் பாம்போடு சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு, சாயங்காலத்துக்குமேல் அதைப் பாடினால் பாம்பு வரும் என்று என் பாட்டி பாடவிடமாட்டார். பாம்பாட்டிச் சித்தர் "ஆடு பாம்பே" என்று பாடியது அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்னால். ஆகவே பாம்பும் பாட்டும் நமக்குச் சினிமா தந்த ஜோடி இல்லை, சினிமா அதை எடுத்துப் பெரிதாக்கியது.

அப்புறம் ரஜினி. "தம்பிக்கு எந்த ஊரு" 1984, படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கும்போது பாம்பு வந்து, வாயில் வார்த்தை வராமல் திணறுவாரே, அதில் பாம்பு தெய்வமும் இல்லை, வில்லனும் இல்லை. நாம் எல்லோரும் பாம்பைப் பார்த்தால் எப்படி இருப்போமோ அப்படித்தான் இருப்பார். ஈசூன்வாசி, உங்கள் மகளுக்கு அந்தக் காட்சியைக் காட்டலாம், சந்தோஷமாகச் சிரிப்பாள். "படையப்பா"வில் 1999இல் அதே மனிதர் புற்றுக்குள் கைவிட்டுப் பாம்பை எடுப்பார், அதற்குள் அவர் வேறு ஆள் ஆகிவிட்டார்.

நடுவில் 1992இல் "அண்ணாமலை". பால்காரராகப் பெண்கள் விடுதிக்குப் போகிறார், பாம்பு உடம்பில் ஏறுகிறது, "கடவுளே கடவுளே" என்று நடுங்குவார். தியேட்டரில் இடி மாதிரி சிரிப்பு. அதை இயக்கிய சுரேஷ் கிருஷ்ணா பின்னாளில் சொன்னது, படப்பிடிப்பு முடிந்தபிறகுதான் தெரிந்ததாம், அன்றைக்குப் பாம்பின் வாயைத் தைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று. இதை எல்லோரும் ரஜினியின் துணிச்சலுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அன்றைக்குத் தைக்கவில்லை என்றால், மற்ற நாளெல்லாம் தைத்தார்கள். தைத்த பாம்பு தின்ன முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது, வாய் புண்ணாகி அழுகி செத்துப்போகும். நாம் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்த படங்களில் தலையை ஆட்டிய நாகங்களில் எத்தனை அப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது அந்தப் பழைய படங்களைப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. தேக்கா ரசிகை அக்கா, உங்கள் அம்மாவின் அழுகையை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. சொல்லமுடியாத ஒருத்தி சொன்னதைக் கேட்ட அந்த உயிரின் வாயும் மூடித்தான் இருந்திருக்கும், அதுதான் என்னை வருத்துகிறது.

2001இல் இந்தியாவில் விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்த விதிகள் வந்தன, விலங்கு நல வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு கணினிக்குள் போய்விட்டது. 2019இல் வந்த "நீயா 2" பாம்பு கணினியில் செய்தது. நிஜம் மாதிரி இல்லை என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

விலங்குகளையும் அம்மனையும் வைத்து அதிகம் எடுத்தவர் இராம. நாராயணன், பல மொழிகளில் 125 படத்துக்குமேல் இயக்கியவர். சிகிச்சைக்கு வந்த இடத்தில் 2014 ஜூன் 22 அன்று இங்கே சிங்கப்பூரில்தான் காலமானார். செய்தி கேட்ட அன்று என் அம்மா "ஆடி வெள்ளி"யைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஒரு சின்னச் செய்தி மட்டும். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் என் மாமியாருக்கும் பொது மொழி என்றால் கொஞ்சம் சந்தை மலாய்தான். ஒரு நாள் என் மாமியார் நாகினி பார்க்கும்போது அவர் வந்து உட்கார்ந்தார், ஐந்து நிமிடத்தில் கதை பிடிபட்டுவிட்டது. அவர்களுக்கும் வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதை இருக்கிறது, 1992இல் தைவானில் எடுத்த தொடர் இங்கே சீனக் குடும்பங்களில் பெரிய வரவேற்பு. ஹாவ் பார் வில்லாவுக்குப் போனால் அந்தக் கதையைச் சிலைகளாகவே வைத்திருக்கிறார்கள், மகளைக் கூட்டிப்போங்கள். அந்தப் பாம்பு யாரையும் பழிவாங்க வரவில்லை. மனிதன் ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்து மருந்துக்கடை வைத்து நல்லபடியாக வாழ்கிறது. துறவி ஒருவர்தான் கண்டுபிடித்துப் பிரித்துக் கோபுரத்துக்கு அடியில் அடைத்துவிடுகிறார். தேடி வருவது மனிதன், பாம்பு இல்லை. இரண்டு பாட்டிகளும் இதைக் கையால் ஜாடை காட்டியே பேசித் தீர்த்தார்கள்.

காட்டுவழி எழுதியது:

நான் வாரக் கடைசியில் வனவிலங்கு மீட்புக்குத் தொண்டூழியம் செய்கிறவள். ஈசூன்வாசி, அந்தப் பாம்பு வந்த காரணம் எலி. வேறு ஒன்றும் இல்லை. இங்கே நாம் அதிகம் பார்ப்பது உலகிலேயே நீளமாக வளர்கிற மலைப்பாம்பு வகை, விஷம் கிடையாது, வாயோரக் குழிகளால் எலியின் உடல் சூட்டை இருட்டிலேயே உணரும். நம் வடிகால்கள்தான் அதற்கு நெடுஞ்சாலை. பேட்டைக்குள் உணவுக்கடைக் குப்பை இருக்கும், குப்பை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் அது வரும்.

ஜோடி தேடி வந்து பழிவாங்கும் என்பதற்கு இடமே இல்லை. பாம்புகள் நாம் நினைக்கிற மாதிரி குடும்பம் நடத்துவதில்லை, ஓர் ஆளின் முகத்தை மனதில் வைத்துத் தேடிப்போகிற மூளையும் அவற்றுக்கு இல்லை. வெளிக்காது கிடையாது, தரை அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்கின்றன. மகுடிக்கு ஆடுவதுபோல் தெரிவது, ஊதுகிறவர் குழலை அசைப்பதைத் தாக்குதல் என்று எண்ணிக் கவனிப்பது. பாலும் அதற்கு உணவு இல்லை, தாகத்தில் தவிக்கவிட்டுக் கொடுத்தால் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கும், அதோடு சரி. புற்றைக் கட்டியதுகூடக் கரையான்தான், பழமொழியே இருக்கிறதே.

ஆனால் ஒன்று. நான் பார்த்தவரை, மீட்புக்குப் போகிற இடங்களில் "கொன்றுவிடாதீர்கள், பாவம்" என்று முதலில் சொல்கிறவர்களில் நம் பாட்டிகள் நிறையப் பேர். பயந்துகொண்டேதான் சொல்வார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனாலும் சொல்வார்கள். அந்தப் படங்கள் தந்ததில் இதுவும் சேர்த்தி என்று நினைக்கிறேன். பினாங்கில் பாம்புக் கோயிலுக்கு ஒரு முறை குடும்பமாகப் போய்வாருங்கள், விரியன்கள் கிளையில் பச்சையாகத் தொங்கும், அடியில் மக்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த முறை பார்த்தால் சில மீட்டர் தள்ளி நில்லுங்கள், வளைத்து நிற்காதீர்கள், வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்புக்கோ தேசியப் பூங்காக் கழகத்துக்கோ சொல்லுங்கள். ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும், எந்தப் பக்கம் போனது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கறுப்பாக இருந்து தலை தூக்கினால் இன்னும் அதிகமாகத் தள்ளிப்போங்கள், இங்கே விஷத்தைத் துப்புகிற நாகமும் உண்டு, கண்ணில் பட்டால் ஆபத்து.

ஈசூன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிட்டபின் மகளிடம் பேசினேன். எலியைத் தேடித்தான் வந்தது என்றேன், "அவ்வளவுதானா" என்று முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அப்புறம் இருளர்கள் பாம்பிடமிருந்து விஷம் எடுப்பதையும் குதிரையையும் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள், குதிரைக்கு வலிக்காதா என்று ஆரம்பித்துப் பத்து கேள்வி. வயல்காட்டான் அண்ணே, நீங்கள் சொன்ன முதலுதவியை அப்படியே சொல்லிக்கொடுத்தேன், என் காலையே ஆட்டக்கூடாது என்று பிடித்து வைத்துப் பழகினாள்.

வாயைத் தைப்பதைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். சொன்னேன். வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தைச்சவங்களை அந்தப் பாம்பு தேடிப் போகலையா அப்பா?" என்று கேட்டாள். இல்லைம்மா, பாம்பு அப்படித் தேடாது என்றேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார், கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை விரதம்" படத்தை நான் ஊரில் பார்த்தேன், உன் அப்பாவைக் கட்டுவதற்கு முன்னால், என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரசிகை அக்கா, அவரிடம் அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கேட்கப்போகிறேன்.